இடது விளக்கு

இருபத்தெட்டு டன் வெங்காயம்.
ரியோ காயேகோஸ் இன்னும் ஐந்நூறு கிலோமீட்டர்.
சற்று முன் கண்ணாடியில் ஒரு வெள்ளைக் கார்,
புள்ளியாய், பிறகு டப்பாவாய்,
வளர்ந்துகொண்டே வந்து
காணாமல் போயிற்று.

எங்கே போயிருக்கும்,
என் முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.
இரண்டு கண்ணாடியிலும் தேடுகிறேன்.
சாலை தெரிகிறது, முள்புதர் தெரிகிறது,
வேலி தாண்டும் ஒரு குவானாக்கோகூடத் தெரிகிறது.

இடது விளக்கைப் போடலாம். போடமாட்டேன்.
பதினோரு வருடம் முன்பு, ட்ரெலியு அருகே போட்டேன்.
எங்கள் ஊரில் அதற்கு "எதிரே வண்டி, வராதே."
பின்னால் இருந்தவன் ஊரில்
"வழி காலி, வா."
வந்தான்.
எதிரே ஆட்டு லாரி.
கார் பள்ளத்தில் குப்புறக் கிடந்தது,
அவன் மேல் ஒரு கீறல் இல்லை.
என்னைத் திட்டவும் இல்லை.
புல்லுக்குள் குனிந்து
ஒற்றை ஷூவைத் தேடிக்கொண்டிருந்தான்,
கண்டுபிடித்த பிறகும்.

அன்றிலிருந்து ஜன்னல் வழியே கைதான்.
உள்ளங்கை கீழே பார்த்தால் பொறு.
முன்னால் வீசினால் போ.
ஜூலையில் விரல் விறைக்கும், பரவாயில்லை.

மெல்லப் பின்வாங்கினாள்.
இடது கண்ணாடியில் ஒரு முகம் பிறந்தது.
மேட்டைத் தாண்டியதும் வீசினேன்.
என் மறைவில் இருக்கும்வரை அவளுக்குக் காற்று இல்லை,
என் மூக்கைத் தாண்டும் இடத்தில்
மேற்கிலிருந்து அறையும்.
புதிதாய் வருபவர்களுக்கு அது தெரியாது.
மிதியிலிருந்து காலை எடுத்தேன்.
கார் ஒரு முழம் தள்ளாடி நேரானது.
"உள்ளே வரலாம்" என்று ஒருமுறை வெளிச்சம் அடித்தேன்.
இரண்டுமுறை கண் சிமிட்டிப் போனாள்.

அறுபது கிலோமீட்டர் தள்ளி
சரளை மைதானத்தில் அதே கார், டயர் கிழிந்து.
ஜாக்கியைப் பிடித்தால் கதவு பறக்கிறது,
கதவைப் பிடித்தால் தொப்பி.

அவளுக்குச் சக்கரம் மாற்றத் தெரியும்.
வேண்டியிருந்தது ஒரு சுவர்.
மேற்குப் பக்கமாய் லாரியைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.
காற்று வெங்காயத்தில் மோதி நின்றது.

நேரியா கரமான். ஆட்டு வைத்தியர்.
கடைசி நட்டை முறுக்கிவிட்டு
பிளாஸ்கிலிருந்து மாத்தே ஊற்றித் தந்தாள்.
"அவ்வளவு ஒட்டி வந்தேனா?"
"நீ வரவே இல்லை" என்றேன்.
புரிய ஒரு மடக்கு நேரம் ஆயிற்று.

புறப்படும்போது சாலையேற
இடது விளக்கைப் போட்டாள்.
எனக்கு இன்னும் வயிறு ஒருகணம் இறுகுகிறது.
போனாள்.
அவள் டிக்கியில் மூன்று வெங்காயம்
உருண்டுகொண்டே போகும்.
எடைமேடைக்காரன் கேட்டால்
காற்று என்பேன்.