மூக்கோரத்து வெளிச்சம்

முதலில் மாவு.
போர்த்தோவில் எந்த அரங்கானாலும்
பக்கத்து ரொட்டிக்கடையில் இரண்டு உருண்டை
வாங்கிவிடுவான் அபீலியு.
ஈஸ்ட் சேராதது. புளித்துப் பொங்கினால் ஆட்டம் கெட்டது.

கண்மேல் மாவு, மாவின்மேல் பஞ்சு,
அதன்மேல் கறுப்புத் துணி, எட்டுச் சுற்று.
கூட்டத்திலிருந்து யாராவது வந்து கட்டட்டும்.
போலீஸ்காரர் என்றால் இன்னும் நல்லது:
இறுக்கிக் கட்டுகிறவர்கள்தாம்
முடிச்சைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை.

கட்டும்வரை முகத்தைச் சுருக்கி வைத்திருப்பேன்,
வலிப்பவள் போல.
கை எடுத்ததும் புருவத்தை உயர்த்துவேன்.
மாவு ஒரு நூல் ஏறும்.
மூக்கின் இருபுறமும் அரைவிரல் வெளிச்சம்.
பன்னிரண்டு வருடச் சாப்பாடு அவ்வளவுதான்.

அந்த இடுக்கில் என் பாவாடை விளிம்பு,
மேடைப் பலகை, யாருடையவோ சேறுபட்ட பூட்ஸ்,
அபீலியு தற்செயல் போல
இடுப்புக்குக் கீழே சாய்த்துப் பிடிக்கும் கரும்பலகை.

நவம்பர். ஆற்றுப் பனி
உள்ளே வந்து இருமிக்கொண்டிருந்த இரவு.
“சோதிக்க யார் வருகிறீர்கள்?”
கைத்தடி தட்டும் சத்தம், படிப்படியாக.
பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவராம், குஸ்தோதியு.
பிறவியிலேயே பார்வை இல்லை.
கூட்டம் சிரித்தது,
தன் சிரிப்பைத் தானே கேட்டு நிறுத்தியது.

துணியைத் தொடவில்லை அவர், முடிச்சைத் தொடவில்லை.
நேராக மூக்கோரம்.
விரலில் கம்பித் துருவின் வாசனை.
“இங்கே காற்று வருகிறது, அம்மணி.”
எனக்கு மட்டும் கேட்கிற குரல்.
மாவை அழுத்தினார், இடம், வலம்,
சன்னல் சந்தை அடைப்பவரின் நிதானத்தில்.
பிறகு ஊருக்கே கேட்க:
“ஒரு பொட்டு வெளிச்சமில்லை. நான் பொறுப்பு.”

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல என்பார்கள்.
எனக்குக் காடுகூட இல்லை.

சாக்கட்டி மட்டும் பேசியது.
மேலிருந்து கீழே ஒரே கோடு: ஒன்று.
குறுக்கே போய்ச் சரிந்தது: ஏழு.
அப்புறம் கை எடுக்காமல் ஒரு வளைவு, இன்னொரு வளைவு.
மூன்றா, எட்டா?
பக்கத்தில் அவர் மூச்சு நின்றிருந்தது.
அவரும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நூற்று எழுபத்து மூன்று” என்றேன்.
எட்டாம்.

ஒரு கணம் யாரும் இருமவில்லை.
பிறகு கூரை அதிர்ந்தது.
சரியாகச் சொன்ன எந்த இரவிலும்
அப்படியொரு கைத்தட்டலை நான் கேட்டதில்லை.
பார்த்திருந்தால் தவறியிருப்பாளா!

வெந்நீரில் கழுவும்போது
இரண்டு புருவமயிர் மாவோடு வந்தன.
இடது உருண்டையில் ஒரு பெருவிரல் ரேகை.

“நாளைக்கும் ஒன்று தப்பாகச் சொல்,”
சில்லறை எண்ணியபடி அபீலியு.
சரி என்றேன்.
நாளைக்கு எது தப்பென்று
எனக்குத் தெரிந்திருக்கும்.