பத்து மில்லிகிராம்

ஜவ்வரிசி ஆலையில் டிஸ்பேட்ச் பார்ப்பவளுக்கு
ஜவ்வரிசி அளவிலேயே ஒரு மாத்திரை.
ஊறவைக்க வேண்டாமா என்றேன்.
அஸ்தம்பட்டி டாக்டர் ரெஜினா சிரிக்கவில்லை,
சீட்டை இரண்டு பிரதியாக எழுதிக்கொண்டிருந்தார்.

முதல் நாள் எட்டரைக்குப் போட்டேன்.
ஒன்பதேகாலுக்குத் தலைக்குள்
புது பஸ் ஸ்டாண்டு கண்டக்டர்கள் அத்தனை பேரும்
ஒரே நேரத்தில் வாயை மூடினார்கள்.
ஈரோடு ஈரோடு இல்லை. ஆத்தூர் ஆத்தூர் இல்லை.
ஃபேனுக்கு இவ்வளவு சத்தம் உண்டென்று
முப்பத்தொன்பது வயதில் தெரிந்துகொண்டேன்.

அந்த அமைதியில் என்ன செய்தேன்?
மூன்று வருடத்து எடைச்சீட்டுகளை
மாத வாரியாக, பிறகு லாரி எண் வாரியாக,
துருப்பிடித்த குண்டூசிகளைப் பிடுங்கிப் போட்டு
அடுக்கினேன்.
தண்ணீர் குடிக்கவில்லை, போனைத் தொடவில்லை.
நிமிர்ந்தால் மணி இரண்டு.
கேட்டில், காலையிலிருந்தே,
புனே போகவேண்டிய இருநூறு மூட்டை.
லாரிக்கடியில் துண்டு விரித்த செங்கோடன்
ஒரு தூக்கம் முடித்தே வந்துவிட்டார்.
"ஆபீசு பளபளன்னு இருக்குதுங்க."
வேறொன்றும் சொல்லவில்லை.

அடுத்த முறை டாக்டரிடம் கொஞ்சம் அழுதேன்.
இது நிற்க வைக்கும்மா, என்றார்.
எங்கே நிற்கணும்னு இதுக்குத் தெரியாது.

ஞாயிறு. மாத்திரை இல்லாத நாள்.
ஏற்காடு பஸ்ஸில் ஜன்னலோரம்.
மலைக்கென்று திட்டம் ஒன்றும் கிடையாது.
யாரோதான் மெனக்கெட்டு
ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும்
எண் எழுதி நட்டிருக்கிறார்கள்.
பதினொன்றில் ஒரு பையன் வாந்தியெடுத்தான்.
"இன்னும் ஒம்பதுதான்டா" என்றாள் அவன் அம்மா.
அவனுக்கு அது போதுமாக இருந்தது.

இப்போதெல்லாம் இரவில் எழுதுகிறேன்,
மருந்து இறங்கி, பஸ் ஸ்டாண்டு
மறுபடி கூவத் தொடங்கிய பிறகு,
கோணல் எழுத்தில்,
காலையில் வரப்போகிற அந்த அமைதியான பெண்ணுக்கு:

முதலில் லாரி.
சாம்பிள் பையில் லாட் நம்பர் போட்டாயா?
எடைச்சீட்டு அலமாரிப் பக்கம் போகாதே.
ஒரு மணிக்குச் சாப்பிடு. பசிக்காது. சாப்பிடு.

மடித்து மாத்திரை டப்பாவுக்குள் வைக்கிறேன்,
இதைத் தொடாமல் அதை எடுக்க முடியாதபடி.

சில காலைகளில் படிக்கிறாள்.
நேற்றும் படித்திருக்கிறாள். படித்துவிட்டு
அதே தாளில், விளிம்போடு விளிம்பு பிசகாமல்,
ஒரு கப்பல் செய்திருந்தாள்.

லாரி போனதா என்கிறீர்கள்.
போனது. பத்து நாற்பதுக்கு.