எண் நிற்கும்வரை

க்விரீலா கறுப்பாக ஓடுகிறது.
இது உவமை இல்லை.
ச்சியாத்துராவில் தாது கழுவிய நீர்
மலை இறங்கி வந்து
ஜெஸ்தபோனிப் பாலத்தின் கால்களுக்கு
மை தீட்டிவிட்டுப் போகிறது.

பாலத்தடியில் இறங்கி
இரண்டு வாளி சேறு அள்ளினோம்.
பேருந்தில் ஒருத்தி
மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள்:
"இது எதற்கு?"
"கோழிக்கு" என்றேன்.
அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள்.

குதாயிசியில் எங்கள் ஆய்வகம்
ஒன்றரை அறை,
கதவு சாத்தாத ஒரு புகைக்கூண்டு.
அமிலமும் ஆலைக்கழிவு வெல்லப்பாகும் ஊற்றி
சேற்றைக் கொதிக்கவிட்டோம்.
மூன்று வடிதாள் கிழிந்தது.
நாலாவதன் அடியில் சொட்டியது
வெளுத்த இளஞ்சிவப்பு.
இப்படியொரு நிறத்தை உள்ளே வைத்திருந்ததை
அந்த ஆறு
யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

மாங்கனீசு.
வெறும் உப்பாகக் கொடுத்தால்
வாங்கிய வேகத்தில்
எச்சத்தில் போட்டுவிடும் கோழி.
அதனால் கிளைசினை அழைத்தோம்:
ஒரு கை நைட்ரஜன்,
ஒரு கை ஆக்சிஜன்,
இடையில் உலோகம்,
ஐந்து மூலை வளையம்.
உடும்புப்பிடி உதவாது இங்கே.
குடல்சுவர் தாண்டியதும்
விடத் தெரியவேண்டும்.
நண்டுப்பிடி போதும்.

எடைபோடுவது ஓதியா.
உருக்காலையில் பத்தொன்பது வருடம்
இதே உலோகத்தின் புகையை
மூச்சாக இழுத்தவர்.
வலக்கை ஆடும்.
சிரிப்பு முகத்துக்கு வந்துசேரக்
கொஞ்சம் நேரமாகும்.
தராசின் கண்ணாடிக் கதவுக்குள்
கரண்டியை நீட்டுவார்;
கடைசி இலக்கம்
மூன்றுக்கும் ஏழுக்கும் நடுவே தத்தளிக்கும்.
ஒருமுறை
கொடுங்கள் என்று கை நீட்டினேன்.
"நிற்கும், பொறு" என்றார்.
கரண்டியை எடுத்தார்.
நின்றது.

மார்ச்சில் குஞ்சுகள் வந்தன.
இருபது இருபதாக மூன்று கூண்டு.
முதலாவதற்கு உப்பு,
அடுத்ததற்கு எங்கள் வளையம்,
மூன்றாவதற்கு ஒன்றுமில்லை.
அறிக்கையில் அதன் பெயர்
ஒப்பீட்டுக் குழு.

மூன்றாம் வாரம்
அந்தக் கூண்டில் ஒன்று உட்கார்ந்துவிட்டது.
குதிகால் தசைநாண் நழுவி
கால் பக்கவாட்டில் நீண்டு கிடந்தது.
இறக்கையை ஊன்றி ஊன்றித்
தீனித்தொட்டிக்குப் போனது.
மக்வாலா குறித்துக்கொண்டாள்:
எண் 47, இடக்கால்.
குறிக்கத்தான் வேண்டும்.
அந்த வரி இல்லையென்றால்
மற்ற நாற்பதும்
வெறும் கோழிகள்.

ஓதியா அதை
உள்ளங்கையில் தூக்கிவைத்திருந்தார்.
அதற்குக் கிடைக்காதது
இவருக்குக் கிடைத்திருந்தது.
இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன,
எது எதை நடுக்குகிறது என்று
எனக்குத் தெரியவில்லை.

47-ஐ விதிப்படி முடித்தோம்.
விதி, நாலாம் பக்கத்தில் இருக்கிறது.

நடுக் கூண்டில் எல்லாக் கால்களும் நேர்.
கட்டுரையை அனுப்பினோம்.
பெயர் சொல்லாத ஒருவர் திருப்பிக் கேட்டார்:
'வளையம் என்கிறீர்கள்.
பார்த்தீர்களா?'
பார்க்கவில்லை.
அகச்சிவப்பு வரைபடத்தில்
ஒரு மேடு கொஞ்சம் தள்ளி நின்றதைப் பார்த்தோம்,
அவ்வளவுதான்.
திபிலீசியின் எக்ஸ்கதிர்க் கருவிக்கு
ஒரேயொரு முழுப் படிகம் வேண்டும்.
எங்களுக்கு எப்போதும்
தூள்தான் விழும்.

ஏழு மாதம் தூள்.

நேற்றிரவு மின்சாரம் போனது.
காலையில் வந்து பார்த்தால்
யாரோ மூட மறந்த குடுவையில்
ஓரமாக ஒன்று:
உப்புக்கல்லில் பாதி,
ஜன்னலை வாங்கித் திருப்பித் தந்தது.

ஊசிமுனையால் எடுக்கவேண்டும்.
அழுத்தினால் உடையும்.
என் கை,
எந்த உலையின் பக்கமும் போகாத கை,
ஆடுகிறது.
ஓதியா பக்கத்தில் வந்து நிற்கிறார்.
ஒன்றும் சொல்லவில்லை.

பொறுக்கிறேன்.