சுருதி சேர்க்கிறோம்

குபேர்லாலின் கிடாரில் ஐந்து கம்பிகள்தான்.
ஆறாவதற்கு அவன் முறுக்கிக் கட்டியிருந்தது
சைக்கிள் பிரேக் வயர்.
அதைத் தொட்டால்
பாலத்துக்கு அடியில் படுத்திருக்கும் கழுதைகள்
எழுந்து நிற்கும்.

கழுதைகள்தான் எங்கள் முதல் ரசிகர்கள் என்று
எழுதினால் நன்றாயிருக்கும்.
எழுதமாட்டேன்.
அவை மிரண்டுதான் எழுந்தன.

வைகையில் தண்ணீர் இல்லை.
அது செய்தி இல்லை.
பத்திரிகைகளில் செய்தி இல்லை.
அதுவும் செய்தியாக வரவில்லை.
எழுபத்தாறாம் வருஷம்.

நாங்கள் நான்கு பேர்.
ஜைத்தூன், காஜிமார் தெரு,
அப்பாவின் தட்டச்சுப் பள்ளியிலிருந்து
ஸ்டென்சில் தாள் திருடுவது அவள் பங்கு.
தேவசித்தம் ஒரு கல்லூரி ஆபீசில் பியூன்.
ராத்திரியில் உருளையைச் சுற்றுவான்.
குபேர்லாலுக்குச் சாயப்பட்டறை, வாரம் ஒரு நிறத்தில் கை.
சிவப்பு வாரத்தில் தோழர்கள் ஓடிவந்து குலுக்குவார்கள்.
அவன் சொல்வான்: அடுத்த வாரம் ஊதா.

எட்டுப் பக்கம், எண்பது பிரதி, பெயர் 'உப்புத்தாள்'.
விலை போட்ட இடத்தில்
'படித்தபின் கிழிக்கவும்' என்றிருக்கும்.
நான் ஒற்றுப்பிழை திருத்தினேன்.
கலகத்திலும் ஒருவன்
அதைச் செய்யவேண்டியிருக்கிறது.

ராகம் போட்டால் எந்தப் பொய்யும் நின்றுவிடும்,
கவிதை தன் காலிலேயே விழட்டும் என்பாள் ஜைத்தூன்.
வார்த்தையே வேண்டாம் என்பான் குபேர்லால்.
வார்த்தையைத்தானே அவர்களால் பிடித்துக்கொண்டு போக முடியும்,
இதைப் பிடிக்கச் சொல் பார்ப்போம்
என்று பிரேக் வயரைச் சுண்டுவான்.
கழுதைகள் எழும்.

பிடிக்கத்தான் வந்தார் ஓர் ஏட்டு.
முதலில் டார்ச் வெளிச்சம் வந்தது,
மணலில், எதையோ தொலைத்ததுபோல.
என்னடா கூட்டம்?
நாலு பேருங்க சார், அஞ்சுன்னாதான் கூட்டம்.
என்ன பாட்டு இது?
பாட்டு இல்ல சார், சுருதி சேர்க்கிறோம்.
எவ்வளவு நேரமா?
ஆறு மாசமா.

அவர் சிரிக்கவில்லை.
உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி
மணலைக் கொட்டினார், ஒவ்வொன்றாக, நிதானமாக.
சேர்ந்ததும் சொல்லுங்க என்றார்.
மிரட்டலா வேண்டுகோளா,
இன்றுவரை எனக்கு முடிவாகவில்லை.

அவ்வளவு நேரமும் ஜைத்தூன்
எண்பது பிரதிகளின் மேல்
வெள்ளைத் துப்பட்டியை மடித்துப் போட்டு
உட்கார்ந்திருந்தாள்.
அவர் போனபின் உதறினால்
தேவசித்தத்தின் கவிதை அதில் ஒட்டியிருந்தது,
கண்ணாடி எழுத்தாக, கடைசி வரி மட்டும் இல்லாமல்.
எங்கள் நல்ல பதிப்பு அதுதான் என்று
மூன்று ஆண்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

எங்களுக்கு அந்த ஆற்றுமணல் ஒரு சாகசம்.
அவளுக்கு அது
பின்கதவு, மதில், நாய், அண்ணன்.
அந்தத் துணிக்கு வீட்டில் என்ன சொன்னாள்?
கேட்கவில்லை.
எழுத்தையெல்லாம் திருத்தியவன்
இதைக் கேட்கவில்லை.

தேவசித்தத்துக்கு வேலை போனது.
கவிதைக்காக இல்லை,
நாலு ரீம் காகிதம் கணக்கில் இடித்தது.
குபேர்லால் சூரத்துக்குப் போனான், கடிதம் இல்லை.
ஜைத்தூன் மேலூர்ப் பக்கம் தலைமையாசிரியை ஆகி ஓய்வும் பெற்றுவிட்டாள்.
எழுதுவதை நிறுத்தவில்லை,
காட்டுவதை நிறுத்திவிட்டாள்.

நேற்று ஒரு மேடையில் என்னைக் கேட்டார்கள்,
படைப்பு எங்கிருந்து வருகிறது ஐயா?
மௌனத்திலிருந்து என்றேன்.
கைதட்டினார்கள்.
சால்வை போர்த்தினார்கள், விலைச்சீட்டைக் கிழிக்காமல்.

கூட்டம் முடிந்து நடந்து வருகிறேன்.
சிம்மக்கல் திருப்பத்தில்
பால்கேன் கட்டிய சைக்கிளில் ஒருவன்
பிரேக் பிடித்தான்.
அதே கம்பி.
அரை மாத்திரை இறங்கியிருந்தது,
அவ்வளவுதான்.

பெருசு, ஓரமா நில்லுங்க என்றான்.
நின்றேன்,
தோளில் சால்வையோடு.
மிரண்டுதான்.