பெல்ட்டின் கடைசி முழம்

இருபத்தெட்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு என்றார்
செல்வின் துரைப்பாண்டி.
சிந்துபூந்துறையில் ஆற்றுக்கு முதுகு காட்டிய வீடு.
தகர ஷெட்டுக்குள்
கருநீலத்தில் ஒரு ஜெர்மன் வண்டி,
கூரையைச் சுருட்டி முதுகில் வைத்துக்கொள்ளும் சாதி.

நான் பணகுடிப் பக்கம் காற்றாலைகளுக்குக்
கியர் ஆயில் மாற்றும் காண்ட்ராக்ட் எடுக்கிறவள்.
எண்பது மீட்டர் உயரத்தில் பேரிங் முனகினால்
கீழே நின்றே சொல்லிவிடுவேன் என்று பெயர்.
தலைக்கு மேல் மூடியில்லாமல்
ஆரல்வாய்மொழிக் காற்றுக்குள் ஒருநாள் ஓட்டிப் போகணும்,
அவ்வளவுதான்.
ஆசைக்குக் காது கேட்காது. அதனால்
மேலப்பாளையம் மைதீனையும் கூட்டிப் போயிருந்தேன்.

பொத்தானை அமுக்கினார் செல்வின்.
கூரை எழுந்தது, மடிந்தது,
டிக்கிக்குள் இறங்கும்போது ஒரு சின்ன இருமல்.
இருபது நொடியில் முடியணும். இருபத்தாறு எண்ணினேன்.
‘சோம்பல் முறிக்கு, கேட்டியளா’ என்றார்.

மைதீன் ஸ்கேனரைச் செருகினார்.
பிழை ஒன்றும் காட்டவில்லை.
‘அதாம் பிழை.
நேத்து ராத்திரி யாரோ எல்லாத்தையும் அழிச்சிருக்கான்.
பதினோரு கிலோமீட்டருக்கு முன்னாடி
இந்த வண்டி பொறக்கவே இல்ல, பாத்துக்கிடுங்க.’

‘மழையே பாக்காத வண்டி அண்ணாச்சி’ என்றார் செல்வின்,
மைதீனிடம்தான். என்னிடம் இல்லை.

உள்ளே உட்கார்ந்தேன்.
எலுமிச்சை சென்ட்டுக்கு அடியில் இன்னொரு வாசனை
மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது.
சீட் பெல்ட்டை இழுத்தேன்,
எவ்வளவு பெரிய தொந்திக்கும் தேவைப்படாத தூரம்,
சுருளின் அடிவரைக்கும்.
கடைசி முழத்தில்
பழுப்பாய் ஒரு கோடு.
கழுவுகிறவன் கை அதுவரை போகாது.
தாமிரபரணி கையெழுத்துப் போட்டிருந்தது.

மைதீன் நகத்தால் சுரண்டி மோந்தார்.
வண்டல்.

கொஞ்ச நேரம் ஷெட்டின் தகரம்தான்
வெயிலில் டிக் டிக்கென்று பேசியது.

‘மார்கழி பொறந்த அன்னிக்கு’ என்றார் செல்வின்.
‘மாடியில நாங்க பதினாலு பேரு,
பக்கத்து வீட்டு ஆடு மூணு.
கரண்டு இல்ல, போனு செத்துப்போச்சு.
தண்ணி ஏற ஏற
இந்தச் சவம் தானா கூரையத் தொறந்துச்சு.
தொறந்துட்டு ஹாரன் அடிக்க ஆரம்பிச்சுது.
ரெண்டு மணியில இருந்து நாலு வரைக்கும், நிறுத்தாம.
சின்னவன் காதப் பொத்திக்கிட்டு அழுதான்.
உவரிக்காரங்க வள்ளத்தோட வந்தாங்கல்லா,
அந்தச் சத்தத்தப் பிடிச்சுத்தான்
தெருவுக்குள்ள திரும்பினாங்க.
இருட்டுல எது தெரு, எது ஆறுன்னு
யாருக்குத் தெரியும்?’

பிறகு, தரையைப் பார்த்து,
‘இத மொதல்லயே சொன்னா யாரு வாங்குவா?’

மைதீன் இரங்குகிற ஆள் இல்லை.
‘ஹாரன் நல்ல ஹாரன்தாம். வயரிங் போச்சு.
ஆறு மாசத்துல ஒவ்வொண்ணாக் கண்ண மூடும்.
கூரை மோட்டாருக்கு மட்டும் நாலு லட்சம் வையுங்க.’

நம்பகத்தை நான் எண்ணெயில் பார்க்கிறவள்.
இரு விரலுக்கு நடுவே தேய்த்து
இரும்புத்தூள் மினுங்குகிறதா என்று.
ஒரே ஒரு ராத்திரிக்கு மட்டும் நம்பலாம் என்கிற வண்டியை
எந்த விரலால் தேய்க்க?

அவர் கேட்டது பதினெட்டு. நான் சொன்னது ஆறு.
செல்வின் கோபப்படவில்லை.
பெல்ட்டைப் பிடித்து மெல்ல உள்ளே போகவிட்டார்.
கோடு போய்விட்டது.
‘ரோசிச்சுச் சொல்லுதேன்.’

திரும்பும்போது மைதீனின் ஆம்னி.
பத்தொன்பது வருஷம், ஒருநாளும் வழியில் நின்றதில்லையாம்.
வண்ணாரப்பேட்டை ரவுண்டானாவில்
பஸ் ஒன்று உரசுகிற மாதிரி வர
‘ஹாரன் அடிங்க’ என்று கத்தினேன்.
‘அது கெடையாது’ என்று
ஜன்னல் வழியே கையை விட்டுக்
கதவைத் தட்டிக்கொண்டே போனார்.