பத்தில் இரண்டு மில்லிமீட்டர்

சாஸ்கடூனில் மைனஸ் முப்பத்தொன்று.
கராஜில் ஹீட்டர் முனகுகிறது.
வால்நட் பலகையை நாலு கவ்விகளில் இறுக்கி
பிட்டின் முனைக்கும் மரத்துக்கும் நடுவே
ஒரு துண்டுக் காகிதத்தை இழுத்துப் பார்க்கிறேன்:
லேசாகப் பிடிக்கிறது. அதுதான் பூஜ்யம்.

பிறகு ரவுட்டர் அலறும்.
காதை மூடிக்கொண்டு
தேநீரில் விழுந்த தூளை ஊதுவேன்.
மூன்றரை மணி நேரம் முன்னும் பின்னும் உழுது
மூடியில் ஒரே ஒரு கோதுமைக் கதிரை
எழுப்பிவிட்டு நிற்கும்.
கதிரின் மீசைகளை மட்டும்
உப்புத்தாளை மடித்து நான் முடிப்பேன்.

மூடிக்கும் பெட்டிக்கும் இடைவெளி
பத்தில் இரண்டு மில்லிமீட்டர்.
திரையில் நானே தட்டிய எண்.
மூடும்போது உள்ளிருக்கும் காற்று
மெல்லப் பெருமூச்சு விட்டு வெளியேறும்.
அந்தச் சத்தத்துக்காகவே
பத்துப் பதினைந்து தடவை மூடித் திறந்தேன்.

பிரின்ஸ் ரூப்பர்ட்டுக்கு அனுப்பினேன்,
தங்கை ஸ்டெஃபாவுக்கு.
அப்பாவின் நிலத்தை விற்றதிலிருந்து
நாலு வருடம் பேச்சில்லை.
கடிதம் வைக்கவில்லை. என்னத்தை எழுத?

மார்ச்சில் போன் அடித்தது.
"உன் பெட்டி திறக்க மாட்டேங்குது."

மழை ஓயாத ஊர் அது.
மரம் குடித்து உப்பியிருக்கும்.
என் எண்ணில் மழையைச் சேர்க்கவில்லை.

"உள்ளே என்ன?"
"கார் சாவி. வேலைக்கு நேரமாச்சு, மிரோன்."

"ஹீட்டர் பக்கத்தில் வை."
"எவ்வளவு நேரம்?"

சத்தியமாக எனக்குத் தெரியாது.
"ஆகும்," என்றேன்.
"போனை வைக்காதே."