திருகு

எல் ஆல்த்தோவுக்கு முதல்முறை வருகிறவர்களுக்கு
இறங்கிய அன்றே மண்டை இடிக்கும்.
நாலாயிரம் மீட்டர் உயரம்.
காற்றைக்கூட இங்கே அளந்துதான் ஊற்றுவார்கள்.
வெளிறிப்போய் உட்காருகிறவர்களுக்குக்
கோக்கா இலைத் தேநீரை நீட்டிவிட்டு
முதுகுக்குப் பின்னால் சிரித்துக்கொள்வோம்.
நான் இங்கேயே பிறந்தவள்.
முப்பத்தெட்டு வயதுவரை தலைவலி என்பது
பிறர் சொல்லி நான் எழுதிக்கொண்ட ஒரு வார்த்தை.
நோயாளியின் தாளில்,
பேனாவால்.

இந்த ஜூனில் அது பேனாவை விட்டு ஏறி வந்தது.

முதலில் காதுக்கு மேலே,
மாஸ்க்கின் ரப்பர் போகிற வழியில் ஒரு கோடு.
கண்ணாடியின் வார் அந்தக் கோட்டைக் குறுக்கே வெட்டும்.
மூக்குத்தண்டில் ஒரு கட்டைவிரல் எடுக்கப்படாமலே இருக்கும்.
நாலாவது மணி நேரத்தில்
நெற்றிப்பொட்டு இரண்டும் விண்விண்ணென்று
ஒன்றையொன்று கூப்பிட ஆரம்பிக்கும்.
தண்ணீர் குடித்தால் சிறுநீர் வரும்.
சிறுநீர் வந்தால் உடை ஒன்று வீணாகும்.
உடை எண்ணித்தான் வருகிறது.
ஆகவே தண்ணீர் இல்லை.

முகத்தடுப்புக்குப் பின்னந்தலையில் ஒரு திருகு.
வலது பக்கம் திருப்பினால் இறுகும்.
இடது பக்கம் திருப்பினால் தளரும்.
ஆனால் கையுறை போட்ட கை அங்கே போகக் கூடாது.
தலைவலியும் திருகுவலியும்
தனக்கு வந்தால்தான் தெரியுமாம்.
எனக்கு இரண்டும் ஒரே பெட்டியில் வந்தன,
உறை பிரிக்காமல்.

சாந்தா குரூஸ் சமவெளியிலிருந்து வந்தவர்
டாக்டர் லிசாண்ட்ரோ.
நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டு கேட்பார்:
"செனோபியா, இது மலையா, மாஸ்க்கா?"
"எனக்கு மலை கிடையாது டாக்டர்."
"கொடுத்துவைத்தவள். எனக்கு எது எதுவென்று
பிரிக்கத் தெரியவில்லை."
பிரித்து என்ன செய்யப்போகிறார்?
இரண்டுக்கும் அதே பாராசிட்டமால்,
அதையும் விழுங்க வாய் திறக்க முடியாது.

ஜன்னலுக்கு வெளியே கேபிள் கார்கள்
சிவப்புச் சிவப்பாக, ஆளில்லாமல்
லா பாஸுக்கு இறங்கிப்போகும்.
அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தால்
ஏழெட்டுக் கார் போகும்வரை
வலி சற்று ஒதுங்கி நிற்கும்.

பதினோராம் படுக்கையில் ஃபெலிசியானோ,
மினிபஸ் ஓட்டுகிறவர்.
ஆக்ஸிஜன் முகமூடிக்குள்ளிருந்து
பேச்சு வராது.
கையை எடுத்துப் பின்னந்தலையைத் தொட்டுக் காட்டினார்.
பிறகு அதே விரலால்
என் தலையையும் காட்டினார்.
உனக்கும்தானே?

அவருடைய வாரை ஒரு விரல் தள்ளி,
காதுக்குமேல் சிவந்த இடத்தில்
பஞ்சை மடித்து வைத்தேன்.
தளர்த்தவில்லை. தளர்த்த முடியாது.
அவர் கண்ணை மூடினார்.
என் வார் என் எலும்பில்தான் இருந்தது.
இருந்தும், பொய் சொல்லக்கூடாது,
அந்த ஒரு நிமிடம்
என் தலை கழுத்துமேல் சரியாக உட்கார்ந்திருந்தது.

எர்மீனியா எங்கள் துப்புரவுப் பணியாளர்.
உடை மாற்றும் அறையின் ஆணியில்
தன் வட்டத் தொப்பியைக் கழற்றி மாட்டிவிட்டுத்தான்
மூடுதொப்பிக்குள் தலையை விடுவாள்.
"இந்த ஊர்க் காற்றில் இருபது வருஷம் நின்ற தொப்பி,
கயிறில்லை, ஊசியில்லை.
இவர்கள் தருகிற கண்ணாடிக்கோ இரண்டு கயிறு!"

நேற்று இரவு வேலை முடிந்து
தொப்பியை எடுத்து வைத்தாள். உட்காரவில்லை.
நெற்றியைச் சுற்றி வரப்புமாதிரி வீங்கியிருந்தது.
வலிக்காத பக்கமாகச் சாய்த்துப் பார்த்தாள்.
அது நின்றது.
தொப்பியைச் சாய்த்து வைத்தால்
கணவன் இல்லாதவள் என்பார்கள் எங்களிடம்.

காலையில் வந்து சொன்னாள்:
வாசலில் இவளைப் பார்த்ததும்
அவள் கணவன் பதறிப்போய்த்
தன் மார்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டானாம்,
"அடியே, நான் இன்னும் இருக்கிறேன்!"

சிரித்தோம்.
சிரித்தால் மாஸ்க் விலகும்,
கன்னம் உயர்ந்தால் கண்ணாடி அழுத்தும்.
போதும் போதும் என்று
கையால் சைகை காட்டிக்கொண்டே
வலிக்க வலிக்கச் சிரித்தோம்.